யாங்கெலின் அறுபதாம் கல்யாணம்

கேட்ட உதவியை மட்டும் செய்கிறவனால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் வந்துவிடாது. அரைகுறையாகச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவான். கேட்காததையும் சேர்த்துச் செய்கிறான் பாருங்கள், அவனைத்தான் தூணில் கட்டிப்போட வேண்டும். முப்பத்து நான்கு வயதில் நான் இரண்டாவது ரகம். (இப்போதும் அதே ரகம்தான். என்ன, வசந்தி கயிற்றைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.)

1998-இல் நியூ ஜெர்சியில், எடிசனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நானும் என் மனைவி வசந்தியும் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா மிசஸ் கெல்னர் தனியாக இருந்தார். எழுபத்தாறை நெருங்கிய யூதப் பெண்மணி. நாங்கள் கொஞ்சம் அழுத்தி நடந்தால் துடைப்பக் கட்டையால் கீழிருந்து சீலிங்கை இடிப்பார். தாளிக்கிற வாசனைக்கு மட்டும் இடிக்க மாட்டார், தும்முவார்.

போலந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர்க்காரர். பதினாறு வயதில் தனியாகக் கப்பலேறி, இங்கே தொப்பிக் கடை வைத்திருந்த மாமாவிடம் வந்து சேர்ந்தவர். வீட்டில் மற்றவர்கள் பின்னால் வருவதாக ஏற்பாடு.

ஒருநாள் அவருடைய மகன் ஆலன் மாடிக்கு வந்தார். பல் டாக்டர், சிரிக்கவே மாட்டார். "அம்மாவுக்குப் பேரெல்லாம் மறக்க ஆரம்பிச்சிடுச்சு. அந்த ஊர்ல இருந்தவங்க பேரு அவங்களைத் தவிர வேற யாருக்கும் தெரியாது. நான் கேட்டா எழுந்து போயிடறாங்க. உங்ககூட மட்டும்தான் பேசறாங்க. எங்க வம்சாவளியைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுக்க முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

என்னோடு அவர் பேசியதற்குக் காரணம் உண்டு. எங்கள் இருவருடைய இங்கிலீஷும் இந்த ஊரில் விளைந்ததல்ல. அவர் தப்பை நான் கண்டுகொள்ள மாட்டேன், என் தப்பு அவருக்குத் தெரியாது.

ஞாயிறு மதியங்களில் அவர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தேன். "ரிவ்கா எங்க அக்கா. விளக்குப் பண்டிகை ரெண்டாம் நாள் பொறந்தவ" என்பார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கரூரில் என் அம்மாவும் என்னை "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பொறந்தவன்" என்றுதான் சொல்லுவார். பண்டிகைக் கணக்கை இங்கிலீஷ் தேதியாக மாற்ற ஒரு புரோகிராமே எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

"கடைக்குட்டி யாங்கெல். நான் கெளம்பறப்போ தொட்டில்ல கெடந்தான். என் வெரலைப் புடிச்சவன் விடவே இல்ல. எங்க அம்மாதான் பிரிச்சு எடுத்தாங்க."

"இப்ப எல்லாரும் எங்க இருக்காங்க மேடம்?"

"லெட்டர் வந்துட்டு இருந்துச்சு. அப்புறம் வரல." எழுந்து போய், அணைந்திருந்த அடுப்பை இன்னொரு முறை அணைத்தார்.

நான் எல்லாம் புரிந்தவனாகத் தலையாட்டினேன். எங்கள் பக்கத்தில் குடும்பங்களுக்குள் கடிதம் நிற்க ஒரே காரணம்தான் உண்டு, சொத்துத் தகராறு. மலேயா போன என் பெரியப்பா அப்படித்தான் கடிதத்தை நிறுத்தினார். வயதானவரிடம் பங்காளிச் சண்டையைக் கிளறக் கூடாது என்று மேற்கொண்டு கேட்கவில்லை. (நாகரிகமாம்!)

ஹிட்லரைப் பற்றித் தெரியாதவன் இல்லை நான். பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வி. 'யூதர்களைக் கொன்று குவித்தான்' என்று ஒரு வரி எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்குள் என் வீட்டுக்காரம்மாவின் அக்கா இருப்பார் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அப்போது எனக்கு ஒய்-டூ-கே வேலை. 2000 பிறப்பதற்குள் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய புரோகிராம்களில் தேதி திருத்துவது. எங்கள் பிழைப்பில் ஒரு வேதவாக்கு உண்டு. முடிவுத் தேதி காலியாக இருந்தால் ஒன்பதுகளால் நிரப்பு. பாலிசி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்க அதையே செய்த கை, வீட்டிலும் அதையே செய்தது. மிசஸ் கெல்னர் இறந்த தேதி சொல்லாத அத்தனை பேருக்கும் 99/99/9999 போட்டேன். நூறு வயதைத் தாண்டியவர்களை மட்டும் காலமானவர்களாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். (நானும் ஓரளவு விவரமானவன்தான்.) அதன்படி அவருடைய அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்பது வயது, நலம். குளிர்ப் பிரதேசத்தில் ஆயுசு கெட்டி என்று வசந்தியிடம் சொன்னேன்.

இத்தோடு நின்றிருக்கலாம். பொங்கலுக்குப் பொங்கல் கடைக்காரர்கள் கொடுக்கும் காலண்டர் பார்த்து வளர்ந்தவனாயிற்றே. குடும்பத்தில் யாருக்கு என்றைக்குப் பிறந்தநாள், இந்த வருஷம் எத்தனை வயது என்று மாதாமாதம் காட்டும் ஒரு காலண்டரைப் பூப்படம் எல்லாம் போட்டு அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து வாங்கிவந்தேன்.

மிசஸ் கெல்னரின் பிறந்தநாள் விருந்து வந்தது. ஆலன் குடும்பமும், தொப்பிக் கடை மாமாவின் வாரிசுகளும் கூடியிருந்தார்கள். வம்சாவளியைச் சுவரில் ஒட்டியதும் எல்லோரும் கை தட்டினார்கள். மிசஸ் கெல்னர் கிட்டே போய் ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுப் பார்த்தார். அப்போதே நான் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டேன். காலண்டரை அவர் கையில் கொடுத்தேன். எங்கள் ஊரில் எண்பதும் அறுபதும் எவ்வளவு பெரிய விசேஷம் என்று என் இங்கிலீஷில் விளக்கினேன். "மேடம், இந்த வருஷம் உங்க குடும்பத்துக்கு டபுள் அதிர்ஷ்டம். உங்க அக்கா ரிவ்காவுக்கு எண்பது, சதாபிஷேகம். தம்பி யாங்கெலுக்கு அறுபது. பழசை எல்லாம் மறந்து நீங்கதான் எல்லாரையும் கூப்பிடணும். அறுபதாம் கல்யாணத்துல மனைவிக்குத் திரும்பத் தாலி கட்டணும். யாங்கெல் மனைவி பேர் மட்டும் காலியா இருக்கு. பேர் என்ன மேடம்?"

எல்லோரும் தட்டைக் கீழே வைத்தார்கள். ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நானோ கேள்வி புரியவில்லையாக்கும் என்று, "வைஃப்... யாங்கெல் வைஃப்..." என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என் காது சுடுகிறது.

ஆலன் என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். குரலை உயர்த்தாமல் சொன்னார். ஹிட்லரின் ஆட்கள் ஊரையே ரயிலேற்றினார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அந்தக் கைக்குழந்தை?"

அவர் பின்கதவைத் திறந்துவிட்டார். நான் பின்வாசல் வழியாக மாடியேறினேன்.

வசந்திக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, எழவு வூட்டுல போயி ஆருக்குப் பொறந்தநாளு, எப்பக் கண்ணாலம்னு கேட்டுப்போட்டு வந்திருக்கறீங்களே! நாளைக்கு நம்ம பொட்டி சட்டியெல்லாம் ரோட்டுலதான் கெடக்கும்." அவள் அழுதாள். நானும் அழுதேன். வீடு போய்விடும் என்பதற்காக அல்ல. விருந்தில் கை தட்டியபோது மிசஸ் கெல்னர் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பின்மேல் மண்ணைப் போட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தோம். சீலிங்கில் ஒரு இடி கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் இடித்தது. வசந்தி செய்திருந்த ஒப்பிட்டை (எங்கள் பக்கத்தில் போளிக்கு அதுதான் பேர்) தட்டில் ஏந்திக்கொண்டு கீழே போனேன். காலண்டர் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம். எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா நீ கேட்டிருக்க மாட்ட. தெரிஞ்ச யாரும் கேக்கறதில்ல. அம்பது வருஷமா கேக்கறதில்ல" என்றார். உட்காரச் சொன்னார். "செத்த நாள்ல மெழுகுவத்தி ஏத்தறது எங்க வழக்கம். எனக்கு யாரோட நாளும் தெரியாது. வருஷத்துல ஒரு நாளு எல்லாருக்கும் சேத்து ஏத்துவேன். ரயில்ல ஒண்ணா ஏத்திட்டுப் போனாங்க, ஒண்ணாவே அழுதுக்கிட்டு இருக்கேன். நீ ஆளுக்கு ஒரு நாள் குடுத்திருக்க."

எங்களிலும் திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் மொத்தமாகக் கும்பிடுவோம் என்று சொல்ல நினைத்தேன். தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"யாங்கெலை நான் தொட்டில்லயே விட்டுட்டேன். என் மனசுல அவன் வளரவே இல்ல. நீ அறுபது வயசாக்கிட்ட." ஒப்பிட்டைப் பிட்டபடியே, "வழுக்கை விழுந்திருக்குமா? எங்க அப்பாவுக்கு முப்பதுலயே விழுந்துடுச்சு" என்றார்.

"விழுந்திருக்கும் மேடம்."

அவர் சிரித்தார். பிறகு வெகுநேரம் அழுதார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உதவியாக எதையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது, வம்சாவளியில் பெயர்களுக்கு எதிரே இருந்த அந்த ஒன்பதுகள் என்னவென்று கேட்டார். முடிவு இன்னும் வரவில்லை என்று அர்த்தம், எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன் என்றேன். "மாத்தாத" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சீலிங் இடித்தது. வசந்தி ஏதாவது இனிப்புக் கொண்டுபோவாள். 2001-இல் மிசஸ் கெல்னர் போய்ச் சேர்ந்தார். ஆலன் போன் செய்து, அம்மாவின் தேதியைப் போட்டுவிடும்படி கேட்டார். ஒன்பதுகளை அழித்து அந்த வரிசையில் ஒரு நிஜத் தேதியை அடிக்க எனக்குக் கை வரவேயில்லை. அதற்குள் பிறந்திருந்த எங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருவழியாக அடித்து முடித்தேன். மற்ற யாரையும் மாற்றவில்லை.

கேட்காத உதவிக்கு நான் கிளம்பும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். "யாங்கெலுக்குப் பொண்ணு கெடச்சுதாங்க?" என்பாள் வசந்தி. நான் ஒழுங்காக உட்கார்ந்துவிடுவேன்.

போன வருஷம் எனக்கு அறுபதாம் கல்யாணம். மணையில் மாலையும் கழுத்துமாக இருந்தபோது, அமெரிக்காவில் பிறந்த என் மகள் குனிந்து கேட்டாள்: "அப்பா, டிட் யாங்கெல் கெட் மேரீட் யெட்?"

"யாரும்மா அது?" என்றார் ஐயர்.

"எங்க வூட்டுப் பையனுங்க" என்றாள் வசந்தி. "ரொம்ப நாளா ஒண்ணும் அமைய மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே என் வழுக்கையைத் தடவிக்கொண்டேன்.