நன்கு கலக்கப்பட்ட பனியன்கள்

முனைவர் பட்டம் என்பது ஒருவகைக் காய்ச்சல். வாங்கியவுடன் தலைக்கு ஏறும். இறங்குவதற்கு ஆளைப் பொறுத்து ஒரு வருடமோ பத்து வருடமோ ஆகும். சிலருக்கு ஓய்வு பெறும் வரை இறங்குவதே இல்லை. எனக்குத் திருப்பூரில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில், காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் முழுக்க இறங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மெட்ராசில் ஆறு வருடம் புள்ளியியலில் ஆராய்ச்சி முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு தனியார் பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். கணவருக்குப் பல்லடத்தில் வங்கி வேலை, அதனால்தான் இந்த ஊர். என் ஆராய்ச்சி கூறெடுத்தல் பற்றியது. அதாவது ஒரு பெரிய குவியலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்து முழுக் குவியலைப் பற்றியும் சொல்லிவிடுகிற வித்தை. (சோறு வெந்ததா என்று பார்க்க என் அம்மா தினமும் செய்ததுதான். அதைச் சொல்ல எனக்கு ஆறு வருடமும் இருநூற்றுப் பத்துப் பக்கமும் தேவைப்பட்டன.)

முதல் வகுப்புக்கு மூன்று நாள் தயாரித்திருந்தேன். ஐம்பது நிமிடத்துக்கான பாடம் பதினெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மீதி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த நாள் பாடத்தையும் எடுத்தேன், அதுவும் தீர்ந்துவிட்டது. மூன்று வாரத்தில் அரை வருடப் பாடத்தை முடித்தேன். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் "சந்தேகம் ஏதாவது உண்டா?" என்று கேட்பேன். அறுபது பெண்களும் ஒரே குரலில் "இல்லீங்க மேடம்" என்பார்கள். எவ்வளவு அருமையாகப் பாடம் நடத்துகிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஒருவர் சொல்வது தப்பு என்றால் "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். கொங்கு நாட்டிலோ சம்மதித்தாலும் மறுத்தாலும், வாழ்த்தினாலும் வைதாலும், கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத்தான் முடிப்பார்கள். அந்த 'ங்க'வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் கொடுப்பதில்லை.

முதல் தேர்வில் பாதி வகுப்பு தோற்றது. கடைசி பெஞ்சில் உட்காரும் தேவி என்ற பெண் நூற்றுக்குப் பதினொன்று. அவள் விடைத்தாளில் சிவப்பு மையால், "இந்தப் பாடம் உனக்குப் பொருந்துமா என்று யோசிக்கவும்" என்று எழுதினேன். (இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.) சில நாளில் கல்லூரிச் செயலர் கூப்பிட்டனுப்பினார். அவருக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி இருந்தது. என்னைப் பணியில் நிரந்தரமாக்குவதா, வருடக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவதா என்பது அவர் கையில் இருந்தது.

"நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க மேடம். நம்ம பொண்ணுகளுக்குத்தான் அந்த வேகம் பத்தறதில்லீங்க. கொஞ்சம் நின்னு நிதானமாச் சொன்னீங்கன்னா நல்லாருக்குமுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், செயலர் என் படிப்பைப் புகழ்ந்ததாகச் சொன்னேன். அவர் வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களோடு நாளெல்லாம் பேசுகிறவர். "எனக்கென்னவோ உன்னை எச்சரிச்சிருக்கார்னு தோணுது" என்றார்.

ஆகவே அடுத்த வாரம் செயலர் மறுபடி கூப்பிட்டபோது, எப்படியாவது அவரை அசத்திவிட வேண்டும் என்று போனேன். அவருக்கு ஒரு கவலை இருந்தது. முந்தைய ஷிப்மென்ட்டில் சில பீஸ்களில் ஓட்டை இருந்ததாக வெளிநாட்டு பையர் கடிதம் எழுதியிருந்தார்.

"கொஞ்சம் எடுத்துப் பார்த்தே மொத்தத்தையும் சொல்லலாம்னு உங்க படிப்புல இருக்குதாமாங்க? ஞாயித்துக்கெழமை நம்ம கம்பெனிக்கு ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

ஆறு வருடமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நூலகத்துக்கு வெளியே ஒரு மனிதர் என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை, முதலிபாளையம் போகிற வழியில் இருந்த அந்தக் கம்பெனிக்குப் பட்டுப்புடவையில் போய் இறங்கினேன். (பனியன் கம்பெனிக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று கேட்காதீர்கள். அது என் அரங்கேற்றம்.) செயலர் வாசலிலேயே வேனில் ஏறிக்கொண்டிருந்தார். கம்பெனியில் கட்டியிருந்த சின்னக் கோயிலுக்குத் திருமுருகன்பூண்டியில் பிள்ளையார் சிலை சொல்லி வைத்திருந்தாராம், அதை எடுத்துவரப் போகிறார். பேக்கிங் சூப்பர்வைசர் சரோஜாக்காவைக் கூப்பிட்டு, "மேடம் என்ன சொல்றாங்களோ அப்படியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அவர் வாழ்க்கையில் இட்ட உத்தரவுகளிலேயே மோசமானது அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே நாற்பது அட்டைப்பெட்டிகள் வரிசையாக நின்றன. சரோஜாக்கா முதல் பெட்டியின் மேல் கவரிலிருந்து நாலு பனியன்களை எடுத்துக் கொடுத்தார்.

நான் சிரித்தேன். "மேலே இருக்கிறதை மட்டும் எடுத்தா அது கூறே இல்லைங்க. ஒவ்வொரு பனியனுக்கும் சமமான வாய்ப்பு இருக்கணும். எல்லாத்தையும் வெளியே கொட்டி நல்லாக் கலக்குங்க."

புத்தகங்களில் ஆயிரம் முறை படித்த வாக்கியம் அது: ஒரு பானையில் நன்கு கலக்கப்பட்ட பந்துகள் உள்ளன. என் வாழ்நாளில் நான் எதையும் கலக்கியதில்லை. வேறு யாரோ ஏற்கெனவே கலக்கி வைத்திருப்பார்கள்.

"எல்லாப் பெட்டியுமுங்களா?" என்றார் சரோஜாக்கா.

"எல்லாப் பெட்டியும்."

"ஆறு ஆறா கவர்ல போட்டிருக்குதுங்க. கவரோட கொட்டீரலாமுங்களா?"

அங்கேதான் என் மேதைமை பளிச்சிட்டது. ஒரே கவரில் இருக்கும் ஆறும் ஒரே துணி ரோலில் வெட்டியவையாக இருக்கலாம். அப்படியானால் அவை ஒன்றுக்கொன்று சார்பற்றவை அல்ல. இதைப் பத்து நிமிடம் விளக்கிவிட்டு, "கவரையும் பிரிச்சிடுங்க" என்றேன்.

"அயர்ன் பண்ணி மடிச்சதுங்க மேடம்."

"மடிப்பு ஆய்வைப் பாதிக்காது."

சரோஜாக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "செஞ்சரலாமுங்க" என்றார். எங்கள் ஊராக இருந்தால் முதல் கேள்வியிலேயே என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள், நானும் பிழைத்திருப்பேன். இவர் மூன்று முறை மறுத்ததை நான் மூன்று சந்தேகங்களாக எடுத்துக்கொண்டு தீர்த்து வைத்திருக்கிறேன்.

இருபது பெண்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது பனியன்களைத் தரையில் விரித்த துணியில் கொட்டிக் கலக்கினார்கள். இன்னும், இன்னும் என்று நான் சுற்றி வந்து ஊக்கப்படுத்தினேன். பிறகு முப்பத்திரண்டு பனியன்களை எடுத்துச் செயலர் அறைக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை. அழகான கையெழுத்தில் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று மறக்காமல் சேர்த்து. மணி ஒன்று.

வெளியே வந்து, "முடிஞ்சது. இனிமே பெட்டியில வச்சிடலாம்" என்றேன்.

இருபது பேரும் சரோஜாக்காவைப் பார்த்தார்கள்.

"எப்படி வெக்கோணுமுங்க?" என்றார் சரோஜாக்கா.

"முன்னாடி எப்படி வச்சீங்களோ அப்படித்தான்."

அப்போதுதான் அவர் விளக்கினார், குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. நாலு கலர். ஒவ்வொரு கலரிலும் நாலு சைஸ். ஒரு கவருக்கு ஒரே கலரில் ஆறு பீஸ்: ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸெல் ஒன்று. பெட்டிக்கு எட்டுக் கவர், கலருக்கு இரண்டு. பெட்டி அப்படியே அந்த நாட்டுக் கடைக்குப் போய்விடும். இதை அயர்ன் பண்ணி, மடித்து, அடுக்க அவர்களுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. நாலு மணிக்குத் தூத்துக்குடிக்கு லாரி. கப்பலை விட்டால் சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்த வார்த்தையைத் திருப்பூரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, சரோஜாக்காவும் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

வேலை போனது என்று தெரிந்துவிட்டது. அதைவிட மோசம், என்னால் இந்த இருபது பேருக்கும் பேச்சு விழும். பேனாவை எடுத்து, குவியலைப் பிரிக்க ஒரு திட்டம் எழுத ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"மேடம், நாஞ் சொல்லலாமுங்களா?"

துண்டால் முகத்தை மூடிக் கட்டியிருந்த ஒரு செக்கிங் பெண். துண்டை இறக்கினாள். தேவி. பதினொன்று மார்க் தேவி. ஞாயிறுதோறும் அவள் அங்கே வேலை செய்கிறாள் என்பதும், என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள் என்பதும் பிறகு தெரிந்தது.

"சொல்லும்மா" என்றேன்.

அவள் என்னிடம் சொல்லவில்லை, நேரே மற்றப் பெண்களிடம் திரும்பினாள். "அக்கா, பதினாறு பேரு குவியலைச் சுத்தி உக்காருங்க. ஆளுக்கு ஒரு கலரு, ஒரு சைசுதான். வேறது கையில வந்தா அக்கட்ட தள்ளி உட்டுருங்க. மீதிப் பேரு வரிசையா நின்னு ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணுன்னு எடுத்து மடிச்சுப் போடட்டும்." என் இரண்டு பக்கத் திட்டத்தைவிட அது சுருக்கமாகவும் இருந்தது, சரியாகவும் இருந்தது.

"நானும் செய்யறேன்" என்றேன். நேவி ப்ளூ எக்ஸெல் என்னிடம் தரப்பட்டது. கால் மணி நேரத்தில் கறுப்பையும் நேவி ப்ளூவையும் குழப்பி இரண்டு கவரைக் கெடுத்தேன். மடிக்கும் வரிசைக்கு மாற்றினார்கள். நான் மடித்ததைப் பார்த்து ஒரு பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் சரோஜாக்கா யோசித்து எனக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடித்தார். அவசரத்தில் மடித்ததால் பனியன்கள் உப்பிக்கொண்டு பெட்டி மூடவில்லை. "மேடம், நீங்க இந்தப் பெட்டி மேல செத்த உக்காருங்க. நாங்க டேப் ஒட்டிக்கறோம்."

உட்கார்ந்தேன். மூடியது. ஒட்டினார்கள். அடுத்த பெட்டிக்குப் போனேன். மூன்று மணி நேரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதைக் குறையில்லாமல் செய்தேன்.

மூன்றே முக்காலுக்கு லாரி வாசலில் ஹாரன் அடித்தது. கடைசிப் பெட்டியில் பீஸ் குறைந்தது. எங்கே தேடியும் இல்லை. சரோஜாக்காவின் முகம் முதல் தடவையாக மாறியது. தேவிதான் மெல்லக் கேட்டாள், "மேடம், உங்க முப்பத்திரண்டு பீஸு எங்கீங்க?" செயலர் அறை நாற்காலியில் என் அறிக்கையின் கீழே பத்திரமாக இருந்தன.

அவற்றையும் போட்டு, நாற்பதாவது பெட்டியின் மேல் நான் கால் தொங்க உட்கார்ந்திருந்தபோது வேன் வந்து நின்றது. செயலர் உள்ளே வந்தார். வேனில் ஒரு பிள்ளையார். உள்ளே, வியர்வையில் நனைந்த பட்டுப்புடவையில், தலையெல்லாம் பஞ்சோடு இன்னொரு பிள்ளையார்.

"என்னுங்க மேடம் இது?"

சரோஜாக்கா முந்திக்கொண்டார். "மேடம் எல்லாத்தையும் செக் பண்ணுனாங்க. சரியா இருக்குதுங்க."

அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். ஆனால் சுற்றிலும் அந்த இருபது முகங்கள். "இல்லை சார். நான்தான் எல்லாத்தையும் கொட்டிக் கலக்கச் சொன்னேன். இவங்கதான் சரி பண்ணினாங்க. தேவி சொல்லிக் கொடுத்தா" என்றேன், பெட்டியை விட்டு இறங்காமலேயே. (டேப் இன்னும் ஒட்டி முடியவில்லை.)

"எல்லாத்தையுமுங்களா?"

"எல்லாத்தையும்."

"கவரைப் பிரிச்சுங்களா?"

"பிரிச்சு."

செயலர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "போச்சாதுங்க, உடுங்க. காப்பி குடிச்சீங்களா?" என்றார். 'போச்சாது' என்றால் பரவாயில்லை என்று அர்த்தம், அதற்குள் அந்த ஊர் மரியாதையின் கனமும் எனக்குப் புரிந்திருந்தது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது அறுபது பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு தெரிந்தது. நானே ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பெட்டி கட்டத்துக்கு வந்தபோது மேசைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்கள். தேவியிடம் அந்தச் சிவப்பு வரிக்காக எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க மேடம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கி, முடிவில் வழக்கம்போலச் சந்தேகம் உண்டா என்றேன். நடு வரிசையில் ஒரு பெண் எழுந்து, "ஒண்ணுமே புரியலீங்க மேடம்" என்றாள். அந்த வருடம் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வருடக் கடைசியில் பணி நிரந்தர உத்தரவு வந்தது. தட்டச்சு செய்த நாலு வரி, கீழே செயலரின் கையெழுத்து, அதற்கும் கீழே பேனாவால் ஒரு வரி: "கல்லூரிக்கு எப்போதும் வாங்க. கம்பெனிப் பக்கம் மட்டும் வேண்டாமுங்க."

கணவர் அந்த உத்தரவைச் சட்டம் போட்டு மாட்டினார், உறவினர் யார் வந்தாலும் பேனா வரியைத்தான் முதலில் படித்துக் காட்டுவார். என் மகளுக்கு இந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், சூட்கேஸ் மூடவில்லை என்றால் இழுத்துப் பார்ப்பதில்லை, துணியைக் குறைப்பதும் இல்லை. உள்ளறையிலிருந்து ஒரு குரல்தான் வரும்: "டாக்டரை வந்து உட்காரச் சொல்லு."