சுவரில் காது வைத்த ஷேக்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளை முதல் எனக்குக் காலை ஃபூல் பயறு செரிக்காமல் போகட்டும். கெய்ரோவில் வாழும் கிழவனுக்கு இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

ஷேக் ஷஹாத்தா, கட்டி முடியாத வீட்டின் சுவரில் காதை வைப்பார். வரப்போகும் குடித்தனக்காரரின் காலடிச் சத்தம் கேட்கும். அவருக்கு மட்டும். கண் குறுக்கிட்டால் காதின் அருள் கலைந்துவிடுமாம். அதனால் தம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பச்சைத் துணியால் கண்ணைக் கட்டிக்கொள்வார். அந்தக் கட்டடங்களைக் கண்ணால் பார்த்தால் யாருக்குத்தான் அருள் வரும்?

ஆபீஸ் போகிறவர்கள் அவர் வாசலில் மொய்த்தார்கள். பாலைவனத்தில் எழும் புது நகரத்தில் ஒரு வீடு வாங்கிப் போட வேண்டும். நாம் நாற்காலியில் உட்கார்ந்து முத்திரை குத்த, அது தானாக வாடகை சம்பாதிக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் அதில் சாப்பிட வேண்டும். நியாயமான ஆசைதான். அங்கே பேருந்து போகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவர மட்டும் யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. ஷேக்கைப் பார்க்கக் கிடைத்தது.

தபால் ஆபீஸ் ரிஃப்அத்துக்கு ஓய்வு நெருங்கியது. ஆயுள் சேமிப்பு முழுவதையும் ஷேக் கேட்டுச் சொன்ன வீட்டில் போடப் பையில் எடுத்து வைத்துவிட்டார்.

"வீட்டைப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி இன்ஷிராஹ்.

"எதுக்கு? ஷேக் கேட்டிருக்காரே! டாக்டர் குடும்பம் வருதாம். மாடி ஏறுற சத்தம்கூடக் கேட்டுச்சாம்."

"நான் போய்ப் பார்த்தேன். மாடிப்படியே இன்னும் கட்டல. எதுல ஏறினாங்க?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"சரி. எனக்கும் ஒரு இடம் தெரியும். அங்கயும் காது வைக்கச் சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா பணத்தை அவர்கிட்ட நானே குடுக்கறேன்."

வெள்ளிக்கிழமை ஷேக்கைக் கண்கட்டோடு வண்டியில் ஏற்றினாள். பணப்பையோடு ரிஃப்அத்தும் மற்ற பக்தர்களும் பின்தொடர்ந்தார்கள். வண்டி நின்ற இடத்தைப் பார்த்ததும் அவர்கள் வாயைத் திறந்தார்கள்.

"உஷ்! அருள் கலைஞ்சிடும்," என்றாள். மூடிக்கொண்டார்கள்.

ஷேக் சுவரில் காதை வைத்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! அருமையான குடித்தனக்காரர். வயசானவர். சத்தமே போடமாட்டார்."

"ஆமா, மௌலானா."

"காலி பண்ணவே மாட்டார்."

"அதுல சந்தேகமே இல்ல."

"மாசம் பொறந்தா வாடகை கையில!"

"அதை மட்டும் எப்படியாவது வாங்கிக் குடுங்க, மௌலானா. உள்ள போய் இருபது வருஷமாச்சு."

கண்கட்டை அவிழ்த்தாள். எதிரே ரிஃப்அத்தின் குடும்பக் கல்லறை, வீடு மாதிரி நாலு சுவரோடு. உள்ளே இருப்பவர் அவருடைய அப்பா, ஹாஜ் ஸாபிர்.

"காலி பண்ணமாட்டார்னு சரியாத்தானே சொன்னார்?" என்று ஒரு பக்தர் முணுமுணுத்தார்.

"சும்மா இருய்யா!" ரிஃப்அத் பணப்பையைச் சட்டைக்குள் திணித்தார். "எங்கப்பா உசிரோட இருந்தப்பவே யாருக்கும் வாடகை குடுத்ததில்ல."

"கட்டடக்காரன் வழக்கமாச் சொல்லச் சொல்றதைத்தான் இங்கயும் சொன்னேன்," என்றார் மாட்டிக்கொண்ட ஷேக். "ஒரு வீடு வித்தா எனக்கு ஒரு பங்கு." அருள் வந்த காலத்திலிருந்து அவர் பேசிய முதல் உண்மை அது.

அன்பர்களே, சுவருக்கும் காதுக்கும் நடுவே ஒன்றுமில்லை. இரண்டு காதுக்கும் நடுவேதான் ஒன்று இருக்கிறது. அதை ஷேக்குகளுக்கு வாடகைக்கு விடாமல் நீங்களே குடியிருங்கள்.

அன்று நான் ஊரில் இல்லை. நடந்ததையெல்லாம் எனக்கு நேரில் வந்து சொன்னவர் ஹாஜ் ஸாபிர்.