கோபுரத்துக்கு வந்த சிரங்கு

கோபத்தில் உண்மை பேசுகிறவனைப் போல முட்டாள் உலகத்தில் கிடையாது. பொய் சொல்லிப் பிழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டே பெரிய ஆளானவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் உண்மையைச் சொல்லி அப்பாவின் மிளகாய் வத்தல் மண்டியில் போய் உட்கார்ந்தேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மதராஸில் ஓவியம் படித்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருந்தேன். (படித்ததைவிடத் தலைமுடி வளர்த்ததுதான் அதிகம்.) ஊரார் தலைமுறை தலைமுறையாய்க் கும்பிடும் கோபுரத்தை நவீன ஓவியமாக்கி, அவர்கள் கண்ணைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தேன். படத்தில் கோபுரம் சற்றே சாய்ந்திருக்கும். உடம்பெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாய் வண்ணம். வெயிலில் கல் கொதிப்பதைக் காட்டுகிறேனாம்.

மதராஸில் ஓவியக் கண்காட்சி நடத்துகிற ஒருவர், எங்கள் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும்போது என் படத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் நான் மதராஸ் போகலாம், இல்லாவிட்டால் மறுநாளே மண்டி என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

தபசன்று காலை அவரை அழைத்துவர நான் பஸ்ஸுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து, எங்களோடு இருந்த அத்தை கோயிலிலிருந்து புற்றுமண்ணோடு வந்து படத்தைப் பார்த்திருக்கிறாள். எங்கள் ஊரில் சொறி, சிரங்கு என்றால் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவது வழக்கம். பூசிவிட்டாள். ஒரு திட்டைக்கூட விடவில்லை.

விருந்தாளியோடு உள்ளே நுழைந்த எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"கோவுரத்துக்கே செரங்கு வந்துட்டுன்னா நாம எங்கன போயி நிக்க, மக்கா? அதான் மண்ணு போட்டிருக்கேன். காஞ்சு உதிந்திரும்," என்றாள் அத்தை, ஆறுதலாக.

நான் கத்துவதற்குள் விருந்தாளி படத்தருகே போய்விட்டார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வண்ணமெல்லாம் பல பேரிடம் பார்த்ததுதான், இந்த மண் பூச்சில்தான் ஊரும் கோயிலும் இருக்கின்றன, இது எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

எல்லாம் யோசித்துச் செய்ததுதான் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் கோடை முழுக்க நான் கண் எரியத் தீட்டியது ஒன்றுமில்லை, அத்தை காப்பி ஆறுவதற்குள் அப்பியதுதான் கலை என்றால் வயிறு எரியாதா?

"இது என் கை இல்ல சார். அந்தா நிக்காள்லா எங்க அத்தை, அவ போட்ட மருந்து," என்று கத்தினேன்.

படம் மதராஸ் போனது, கீழே அத்தையின் பெயரோடு. அதற்கும் கீழே, பொடி எழுத்தில் என் பெயர். எப்படியோ படம் தேறிவிட்டதே என்று அப்பாவிடம் வாதாடிப் பார்த்தேன்.

"படம் தேறிட்டுலே. நீ தேறலையே," என்று மண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

அப்பாவும் போய்ச் சேர்ந்தார், அத்தையும் போய்ச் சேர்ந்தாள். காப்பியில் சர்க்கரை இல்லை என்று நான் குரலை உயர்த்தினால் போதும், "ஏட்டி, தாத்தாவுக்குப் புத்துமண்ணு கொண்டா" என்று இன்றும் அடுக்களையிலிருந்து என் மனைவி சொல்கிறாள். நேற்று பேத்தி நிஜமாகவே குழைத்துக் கொண்டுவந்து என் நெற்றியில் பூசிவிட்டாள். மண் காய்ந்து உதிர்ந்துவிட்டது. கோபம் அப்படியே இருக்கிறது.