இடது காது பெரியது, வலது காது நடுத்தரம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் இரண்டு தையல் மெஷின்களும் சௌக்கியம். அங்கே நீங்களும் எங்கள் பெண் பாப்பாவும் உங்கள் பேக்கரி அடுப்பும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் பேக்கரி விலாசத்துக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பினால் பாப்பா பிரித்துவிடுவாள். போனில் பேசலாமென்றால் உங்கள் போனையும் அவள்தான் எடுக்கிறாள். அதனால் இந்த ஏற்பாடு. கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கவும்.

போன வாரம், “மாமா, ஏதோ இயர்போன் வாங்கியிருக்கீங்களாமே, கம்மி விலைல எது மாமா நல்லாருக்கு?” என்று கேட்டீர்கள். நான் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் பாப்பா போனை வாங்கிக்கொண்டாள். உங்கள் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். கூடவே ஒரு சின்ன விஷயமும் உண்டு. அது கடைசியில் வரும், அவசரமில்லை. உண்மையில் அவசரம்தான், ஆனாலும் எதையும் முறையாகச் சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

உங்களுக்குத் தெரியாததல்ல. போன் எடுத்துப் பதில் சொல்கிற வேலை பார்த்த ஆபீஸ் மூடியதிலிருந்து பாப்பா இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். கதைப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து விற்கிற கம்பெனி ஒன்று, வந்த அத்தனை பேரையும் கழித்துவிட்டு இவளையும் இன்னொருவரையும் மட்டும் வைத்துக்கொண்டு, மாசக் கடைசிக்குள் ஒரு முழு அத்தியாயம் படித்து அனுப்பச் சொல்லியிருக்கிறது. படித்ததை அவள் முதலில் எனக்குத்தான் அனுப்பினாள். “மத்தவங்க எல்லாரும் நல்லாருக்குன்னுதான்ப்பா சொல்வாங்க. எதிர்ப் பக்கம் போறவன் சட்டைல தையல் பிசகியிருந்தா இங்கேருந்தே கண்டுபிடிக்கிற ஆளு நீ. குறை என்னன்னு சொல்லு” என்றாள். என் போன் ஸ்பீக்கர் ஓட்டையிலோ பல வருஷத்துத் துணிப்பஞ்சு அடைத்துக் கிடக்கிறது. அதில் யார் பேசினாலும் போர்வைக்குள்ளிருந்து முனகுகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் உங்கள் அத்தையின் மெஷின் வேறு. ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனாலும் பெண் ஆசையாகக் கேட்கிறாளே என்று “பிரமாதம்மா” என்று சொல்லித் தொலைத்தேன். “எந்த இடம்ப்பா பிடிச்சுது?” என்றாள். “எல்லா இடமும்” என்றேன். “சரிப்பா” என்று வைத்துவிட்டாள். அந்த ஒரு ‘சரிப்பா’ இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

அப்படித்தான் இயர்போன் வாங்கக் கிளம்பினேன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மொபைல் கடை. கண்ணாடி போட்ட ஒரு பெண்தான் கடைக்கு முதலாளி. பின்சுவர் முழுக்க இயர்போனாகத் தொங்குகிறது. “விலை கம்மியா, சத்தம் நல்லா, காதுல நிக்கிற மாதிரி ஒண்ணு குடும்மா” என்றேன். “மூணும் ஒண்ணுலயே வேணுமா ஐயா? ரெண்டுன்னா சுலபம்” என்றாள். போட்டுப் பார்க்கலாமா என்றால், காதில் போட்டதைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். எனக்கு வந்ததே கோபம்! “நான் தையல்காரன்மா. போட்டுப் பாத்தப்புறம்தான் நாங்க பட்டனே வைப்போம்” என்றேன். “சட்டைல யாரும் காதழுக்கு விடறதில்ல ஐயா” என்றாள். அதற்குப் பதில் இருக்கிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவந்தேன். கெட்டிப் பிளாஸ்டிக், ரப்பர் கிடையாது. குனிந்தால் விழும், நிமிர்ந்தால் விழும், “அப்படியா” என்று தலையாட்டினால் விழும். ஒருமுறை விழுந்தபோது அதன் ஒயர் மாட்டிப் பட்டன் டப்பா கவிழ்ந்து, நானும் உங்கள் அத்தையும் தரையில் உட்கார்ந்து நானூறு கறுப்புப் பட்டன்களைப் பொறுக்கினோம்.

அடுத்து வாங்கியதுதான் இப்போது இருப்பது. காதுக்குள் போகிற ஜாதி. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் தொப்பி கூடவே தருகிறார்கள். மனிதக் காது மூன்றே அளவில் அடங்கிவிடும் என்று எவனோ முடிவு பண்ணியிருக்கிறான், போகட்டும். என் தொழில் முறை உங்களுக்குத் தெரியும். துணி உடம்பைப் பிடிக்கக் கூடாது, எங்கே தைத்தாலும் ஒரு விரல் போக இடம் விட வேண்டும். முப்பத்துநாலு வருஷமாக அப்படித்தான். அதே கணக்கில் சின்னத் தொப்பியை மாட்டி, காதுக்குள் காற்றோட்டமாக வைத்துக்கொண்டு கேட்டேன். பாப்பா குரல் தகர டப்பாவுக்குள் கொசு பேசுகிற மாதிரி வந்தது. உடனே போன் போட்டு, “உனக்கு ஜலதோஷமாம்மா? தொண்டைல கனமே இல்லையே” என்றேன். “எனக்கு ஒண்ணுமில்லையேப்பா, குரல் அவ்ளோ மோசமாவா இருக்கு?” என்று பயந்துபோனாள். அவளை வெந்நீர் குடிக்கச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

கண்ணாடிப் பெண் என் காதைக் குனிந்து பார்த்தாள். “எந்த சைஸ் போட்டிருக்கீங்க?” என்றாள். சொன்னேன். “நல்லா அடைக்கிற மாதிரி போடணும் ஐயா. சந்து இருந்தா கனமான சத்தமெல்லாம் அந்த வழியா வெளிய போயிடும், கீச்சுன்னு இருக்கறதுதான் மிஞ்சும்” என்றாள். “அடைச்சுட்டா காது எப்படிம்மா மூச்சு விடும்?” என்றேன். “காது மூச்சு விடாது ஐயா” என்றாள், ரொம்பப் பொறுமையாக. காதை ஒரு கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் லேசாகத் திருகி உள்ளே விட வேண்டுமாம். இந்த ஒரு வித்தைக்கே அவளுக்குத் தனியாகக் கூலி கொடுக்கலாம்.

சரி, அடைப்பதென்றால் முழுசாக அடைப்போம் என்று இரண்டு பக்கமும் பெரியதைப் போட்டேன். சத்தம் அருமை, உலகம் காணாமல் போய்விட்டது. ஒரு பிஸ்கட்டைக் கடித்தேன், மண்டைக்குள் கட்டடம் இடிந்தது. அந்த நேரம் பார்த்து பேங்க் மேனேஜர் பேன்ட் போட்டுப் பார்க்க வந்தார். “இடுப்பு எப்படி?” என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. நான் மெல்லிசாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “ரெண்டு இன்ச் ஏறிப்போச்சு சார், பின்பக்கம் பிரிச்சுத்தான் விடணும்!” என்று கத்தியிருக்கிறேன். எதிர்க்கடையில் சிரித்தார்களாம். உங்கள் அத்தை சொல்லித்தான் தெரியும். மேனேஜர் முகம் சிவந்ததைப் பார்த்து, அளவில் திருப்தி என்று நினைத்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் வலது காது வலி எடுத்துவிட்டது, இடது காதுக்கு ஒன்றுமில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்குத் தோள் அளந்திருப்பேன், இரண்டு தோளும் ஒன்றாக இருந்த மனிதன் ஒருத்தன் உண்டா? காது மட்டும் எப்படி ஜோடியாக இருக்கும்! இடதுக்குப் பெரியது, வலதுக்கு நடுத்தரம் என்று மாற்றினேன். கச்சிதம். ஆகவே மாப்பிள்ளை, என் ஆலோசனை இதுதான். டப்பா மேல் எழுதியிருக்கிற பெரிய வார்த்தைகளை நம்ப வேண்டாம். ஒரு பேன்ட் தைக்கிற கூலிக்கே நல்லது கிடைக்கிறது. ரப்பர் தொப்பி மூன்று அளவிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கி, ஒவ்வொரு காதையும் தனித்தனி வாடிக்கையாளராக நடத்தவும்.

அதற்கப்புறம் பின்னறையில், துணிக்கட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாப்பாவைக் கேட்டேன். என்ன சொல்வது! வீட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கொடுக்கப் போகிற ஒரு அம்மாளின் கதை. வாக்கியம் ஆரம்பிக்கும் முன் பாப்பா லேசாக மூச்சு வாங்குவது கேட்கிறது. சாவியை நீட்டுகிற இடத்தில் குரலைத் தாழ்த்துகிறாள், ஆனால் அழவில்லை, அழாமல் படிக்கிறாள். எனக்குத்தான் தாங்கவில்லை. உங்கள் அத்தை வந்து, “என்னங்க, காது வலிக்குதா?” என்றாள். இந்தப் பெண் என் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்தானா என்று இருந்தது. அவ்வளவு பெருமை மாப்பிள்ளை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. டொக் என்று ஒரு சத்தம். சில சமயம் சர்ரென்று ஒரு உரசல், பிறகு டொக். துணிச்சோக்கால் கோடு போட்டு எண்ணினேன், அத்தியாயத்தில் நாற்பத்தொன்று. அதிலும் சாதாரண இடங்களில் குறைவு, மனசைத் தொடுகிற இடங்களில்தான் அதிகம். சாவி கொடுக்கிற இடத்தில் மட்டும் ஆறு! உண்மையைத்தானே கேட்டாள் என்று பாப்பாவிடம் சொன்னேன். “எனக்குக் கேக்கலையேப்பா” என்றாள். “உன் காதுக்குப் பழகிப்போச்சும்மா, இது நல்ல இயர்போன்” என்றேன். பாவம், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தாள். டொக். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு மூன்றாவது தடவை படித்தாள், பாலும் கெட்டுப்போனது. அப்போதும் டொக். நேற்று, “விட்டுடலாம்ப்பா. எனக்கு இது வராது போலிருக்கு” என்றாள். மாசக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, பெண் மனசு தளர்ந்துவிட்டாள்.

இனி அந்தச் சின்ன விஷயம். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தாங்கள் விடியற்காலையில் அடுப்பு மூட்டப் போய்விட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து தூங்குகிறவர். பாப்பா பதிவு செய்வதும் மத்தியானம்தான். கடிகாரமும் ஃப்ரிட்ஜும் போனபின் அந்த வீட்டில் சத்தம் போடக்கூடிய பொருள் என்று பார்த்தால், தப்பாக நினைக்கக் கூடாது, தாங்கள்தான் பாக்கி. கல்யாணமான புதிதில் இங்கே வந்து தங்கியபோது தாங்கள் தூக்கத்தில் பல்லைக் கடித்ததை உங்கள் அத்தை எலி என்று நினைத்துப் பொறி வைத்தாள். மரியாதையை உத்தேசித்து இதுவரை சொல்லவில்லை. நல்ல இடங்களில் சத்தம் அதிகமாக வருவதால், தூக்கத்திலும் பாப்பாவின் குரல் தங்களை உருக்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அது தங்கள் நல்ல மனசைக் காட்டுகிறது. பல் கடிப்பது வம்சாவழியாகவும் வருமாம், இதைச் சம்பந்தி வீட்டைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இந்தப் பத்து நாளும் மத்தியானத் தூக்கத்தைப் பேக்கரியிலேயே, மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா? மெத்தென்று ஒரு தலையணை உறை தைத்து அனுப்புகிறேன். காரணத்தைப் பாப்பாவிடம் சொல்ல வேண்டாம். வேலை அதிகம் என்று சொன்னால் போதும்.

வேறு விசேஷமில்லை. தாங்களும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் வாழ எங்கள் இருவரின் ஆசிகள். தங்கள் தாயார் தகப்பனாருக்கு என் வணக்கம். பல் விஷயத்தை அவர்களிடம் பேச வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, தாங்கள் வீட்டிலேயே தூங்கலாம். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை, “நானும் கேக்கறேன், குடுங்க” என்று இயர்போனை வாங்கி அத்தியாயம் முழுக்கக் கேட்டாள். முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு சத்தமும் இல்லையே” என்றாள். “மெஷின் பக்கத்துல உக்காந்து உக்காந்து உன் காது மரத்துப்போச்சு” என்று நான் வாங்கி மாட்டிக்கொண்டேன். டொக். “இதோ, இப்ப!” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கிட்டே வந்து என் கழுத்திலிருந்த இன்ச் டேப்பைக் கழற்றினாள். சத்தம் நின்றுவிட்டது. திரும்பப் போட்டாள், டொக். டேப்பின் பித்தளை நுனி இயர்போன் ஒயரில் இடிக்கிறது, ஒயர் அதை நேரே காதுக்குள் கொண்டுபோய்விடுகிறது. நான் பலமாக மூச்சை இழுத்துவிடும்போதெல்லாம் இடிக்கிறது. நல்ல இடம் வந்தால் பெருமூச்சு விடுகிறேன், அதுதான் சாவி கொடுக்கிற இடத்தில் ஆறு. “பாவம்ங்க அந்தப் பிள்ளை, நல்லவேளை தபால்ல போடல” என்றாள் உங்கள் அத்தை. ஆனால் ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று, இயர்போன் விவரத்தை மறுபடி எழுத என்னால் ஆகாது, ஆகவே அனுப்புகிறேன். பல் சம்பந்தமான பகுதியை மட்டும் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். ஒயரைக் காதுக்குப் பின்னால் சுற்றி விட்டுக்கொள்ளவும்.

டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாப்பா முதன்முதலில் அனுப்பிய பதிவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டேன். உடனே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன், தங்களைச் சந்தேகப்பட்டதைத் தவிர. திட்டுவாள் என்று நினைத்தேன். “அப்ப, மொதல்ல அனுப்பினதுல குறையே இல்லையாப்பா?” என்றாள். “இல்லம்மா” என்றேன். போனை நடுத்தரக் காதிலிருந்து பெரிய காதுக்கு மாற்றிக்கொண்டேன். “லைன்ல இருக்கியாம்மா?” என்றேன். “இருக்கேன். இன்னொரு தடவ சொல்லு” என்றாள். சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது போனிலிருந்துதான் வந்தது.