ஆறரை அடிக்கு எவ்வளவு ஈர்ப்பு?

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தையல் கடையும் நலம். உங்கள் அக்கா நலமா என்று அவளிடமே கேட்க முடியாத நிலையில் இருப்பதால்தான் இக்கடிதம்.

"போன வருஷ ஜாக்கெட் இனிமே பத்தாது, ரெண்டு இஞ்ச் பிரிக்கணும்" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னால் அவளிடம் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே பேச்சு நின்றது. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைப்பவள், முக்காலியைத் தூக்கிக்கொண்டு கடைக் கோடிக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் ஒட்டுதல் மிச்சமிருக்கிறதா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போதுதான் இயற்பியல் வாத்தியாரான நீங்கள் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று இழுக்குமாமே. இரண்டு எடையையும் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஈர்ப்பு மாறிலி என்ற அந்தத் துக்கடா எண்ணால் பெருக்க வேண்டுமாமே.

என் எடை எழுபது கிலோ. அவள் எடையைக் கேட்டேன், கத்தரிக்கோலைப் பார்த்தாள். சரியென்று ஜாக்கெட் அளவை வைத்து அறுபது என்று போட்டுக்கொண்டேன். தூரம் ஆறரை அடி, அதாவது இரண்டு மீட்டர். விடை வந்தது பாருங்கள், புள்ளிக்குப் பிறகு ஏழு பூஜ்யம், அப்புறம் ஒரு ஏழு. நூல் பிசிறைத் தூக்கக்கூட அது காணாது. இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு இவ்வளவுதானா?

ஆனால் தூரம் பாதியானால் விசை நாலு மடங்காமே, விடுவேனா? தினமும் கடை திறந்ததும் மெஷினை ஒரு முழம் அவள் பக்கம் தள்ளினேன். இப்போது தோளோடு தோள் இடிக்கிறது. டேப்பை வைத்தால் இடைவெளி பூஜ்யம், கால்குலேட்டரில் தட்டினால் 'எரர்'. ஈர்ப்பு எல்லை மீறிவிட்டதா, கால்குலேட்டர் கெட்டுவிட்டதா? நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கணும் என்கிறார் பக்கத்து ரேடியோ கடைக்காரர். தையற்காரன் ஓரத்திலிருந்து ஓரத்துக்குத்தானே அளப்பான்? எது சரி என்று உடனே எழுதவும். இவ்வளவு கிட்டே வந்தும் அவள் இன்னும் பேசவில்லை.

உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பாஸாகி, நீங்கள் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். உங்கள் அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். எனக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்றுதான் தள்ளி உட்கார்ந்தாளாம். கழுத்தைத் தொட்டுக்கூடக் காட்டினாளாம். காலர் வேலை பாக்கி என்கிறாள் என்று நினைத்து நான் நாலு காலர் தைத்து முடித்தேன். இன்று காலை குரல் வந்துவிட்டது. வந்ததும் இக்கடிதத்தைப் படித்தாள். அந்த இரண்டு இஞ்ச் விஷயம் அவளுக்கு மறந்தே போயிருந்ததாம். "நீங்க தள்ளித் தள்ளிக் கிட்ட வந்தப்ப, மனுஷனுக்கு நம்ம மேல இன்னும் ஆசை இருக்குன்னு நெனச்சேன். கணக்குப் போடத்தான் வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பையோடு உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. பதில் எழுத வேண்டாம், கடிதத்தோடு அடுத்த பஸ்ஸில் நானே வருகிறேன். கதவை அவள் திறக்காவிட்டால் நீங்களாவது திறக்கவும்.