மாஸ்டர் பக்கத்து பிரேக்

மாஸ்டரின் மனைவி மூன்றாவது முறையாக டிரைவிங் டெஸ்டில் தோற்றுவிட்டுக் காரிலிருந்து இறங்கினார். டெஸ்ட் எடுத்த அதிகாரி மாஸ்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தத் தடவையும் அதே இடம்தான் மாஸ்டர். நிறுத்தக் கோடு வருது, இவங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்காங்க. நான் கத்தின அப்புறம்தான் பிரேக் ஞாபகத்துக்கு வருது."

மாஸ்டருக்குக் காது சுட்டது. ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவருடைய டிரைவிங் ஸ்கூலில் கற்றவர்கள். சொந்த மனைவி மட்டும் தேறவில்லை என்றால், நாலு பேர் சிரிக்க வேறென்ன வேண்டும்?

சிரிப்பு கிடக்கட்டும், அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மனைவி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வித் தத்துவம் நடத்தும் பேராசிரியை. ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த கல்லூரிக்கு அவரை முதல்வராகப் போட்டிருந்தார்கள். பஸ் போகாத பள்ளிகளுக்கெல்லாம் தானே காரை ஓட்டிக்கொண்டு போய், அங்கே பாடம் நடத்தும் மாணவர்களைப் பார்த்து வரவேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் இல்லையென்றால் நாற்காலி அடுத்தவருக்கு. அந்த நாற்காலிக்காக அவர் பட்ட பாடு மாஸ்டருக்குத்தான் தெரியும்.

தெரிந்தும் வாய் சும்மா இருக்குமா?

"நான் எல்லாம் சரியாத்தான் சொல்லிக்குடுத்தேன். உன் மண்டையிலதான் ஏறல."

"ஏங்க, படிக்கறவங்க தோத்தா சொல்லிக்குடுக்கறவங்க முதல்ல தன்னைத்தான் பார்த்துக்கணும். எங்க பசங்களுக்கு நான் நடத்துற முதல் பாடமே அதுதான்."

"காருக்கு எதுக்கும்மா தத்துவம்? கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். அவ்வளவுதான் தத்துவம்."

"தினம் பாடம் முடிஞ்சதும் யோசிச்சுப் பாருங்களேன். நான் என்ன செஞ்சேன்? எதுக்காகச் செஞ்சேன்? அதுலேருந்து அவங்க என்ன கத்துக்கிட்டாங்க? இவ்வளவுதான்."

மாஸ்டர் "க்கும்" என்று எழுந்து போய்விட்டார். ஆனால் அவரிடம் ஓர் அருமையான குணம் உண்டு. வாயால் மறுத்ததை மறுநாளே செய்து பார்த்துவிடுவார்.

பாடம் நடந்தது வீட்டு ஷெட்டில் ஓய்வாக நின்ற பழைய காரில். ஸ்கூலின் புதுக் காரில் மனைவி ஒருமுறை கைவரிசையைக் காட்டியிருந்ததால் அது அவருக்குக் கிடையாது. பழையதானாலும் பயிற்சிக் கார்தான். மாஸ்டர் உட்காரும் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் உண்டு. டெஸ்டுக்கு மறுநாள், மாஸ்டர் ஸ்கூலுக்குப் போயிருந்தபோது, மனைவியே மெக்கானிக்கை வரவழைத்து அதை ஒரு பார்வை பார்க்கச் சொல்லியிருந்தார்.

நான் என்ன செஞ்சேன்? கத்தினேன், என்று கண்டுபிடித்தார் மாஸ்டர். அன்று வாயே திறக்கவில்லை.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க? கோவமா?"

மாஸ்டர் இல்லையென்று தலையாட்டினார். ஆட்டினாரா இல்லையா என்று மனைவி திரும்பிப் பார்த்தார். கார் சைக்கிள் கடையை நோக்கிக் கிளம்பியது. வாசலில் அடுக்கியிருந்த டயர்களுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"நல்ல வேளை, நான் மிதிச்சேன்!" என்றார் மாஸ்டர், மௌனவிரதம் கலைந்து.

"நீங்களா மிதிச்சீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பின்ன, கார் தானா நின்னுச்சா?"

அடுத்து, உத்தரவு போடுவதுதான் தப்பு என்று தோன்றியது. கேள்வி கேட்டால் சிந்தனை வளரும் என்று மனைவி அடிக்கடி சொல்வார். நாற்சந்தியின் நடுவில் மாஸ்டர் பணிவாகக் கேட்டார்: "இந்த இடத்துல என்ன செய்யணும்னு நீ நினைக்கிறே?"

கேள்வியின் அழகில் பேராசிரியை சொக்கிப்போனார். காரை அங்கேயே நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தார். பாதசாரியின் கோணம் முடிந்து லாரிக்காரரின் கோணத்துக்கு வந்தபோது நாலு பக்கமும் ஹாரன் காதைப் பிய்த்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன சார் இங்க?"

"பாடம் நடக்குதுங்க."

"பெஞ்சு போடட்டுமா?"

சரி, கேள்வியும் வேண்டாம். கற்பவர் விருப்பம்போல் விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார். "எங்க போகணுமோ நீயே போ" என்றார். மனைவி ஆசையாக ஒரு குறுக்குச் சந்தில் நுழைந்தார். சந்து போகப் போகக் குறுகி, கடைசியில் ஒரு சுவரில் முடிந்தது. ரிவர்ஸில்தான் வரவேண்டும். மாடிக்கு மாடி ஆட்கள் எட்டிப் பார்த்து யோசனை சொன்னார்கள். "ஒடிங்க!" "ஒடிக்காதீங்க!" "அம்மா, பின்னால பூந்தொட்டி!" ஒவ்வொரு தொட்டிக்கும் மாஸ்டர் பிரேக்கை மிதித்த மிதியில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். மனைவி தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்:

"ஏங்க, ஓட்டினது நான். கால் வலி எப்படி உங்களுக்கு?"

மாஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். பதிலுக்குப் பதில் மனைவி சொன்ன அந்த மூன்று கேள்விகள்தான் வந்தன.

நான் என்ன செஞ்சேன்? பிரேக்கை மிதிச்சேன். எதுக்காக? பயம். அதுலேருந்து அவ என்ன கத்துக்கிட்டா? கார் தானா நிக்கும்னு கத்துக்கிட்டா!

டெஸ்டில் கோடு தாண்டியதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதோடு விடவில்லை மனசு. லைசென்ஸ் வாங்கிய பிறகும் எத்தனை பேர் அவரிடம் வந்து, "மாஸ்டர், நீங்க பக்கத்துல இல்லாம ஓட்டப் பயமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள்! அதை இத்தனை நாள் பாராட்டென்று நினைத்துப் பூரித்திருந்தார். இப்போது அது சுருக்கென்று தைத்தது. இந்த வயதில், இவ்வளவு நல்ல பேர் எடுத்த பிறகு, தன் காலைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எத்தனை பேருக்கு மனசு வரும்? மாஸ்டருக்கு வந்தது. அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

"தப்பு என் கால்லதாம்மா" என்றார்.

மனைவி தைலத்தை மூடி வைத்தார்.

மறுநாள் மாஸ்டர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போதாதென்று இரண்டு கால் கட்டைவிரல்களையும் கையால் பிடித்துக்கொண்டார். பாலத்துச் சரிவில் கார் இறங்கியது. கீழே நிறுத்தக் கோடு. கால் துடித்தது, பிடியை இறுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது கார், கோட்டுக்குச் சற்று முன்னால், குழந்தையைத் தொட்டிலில் போட்ட மாதிரி நின்றிருந்தது.

"நீயே நிறுத்திட்டே!" மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆமாங்க" என்றார் மனைவி. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. முதல் மார்க் வாங்கிய மாணவனைப் பார்ப்பதுபோல மாஸ்டரைப் பார்த்தார்.

நாலாவது டெஸ்டில் மனைவி தேறினார். "என்ன மாயம் பண்ணீங்க மாஸ்டர்?" என்று கேட்ட அதிகாரியிடம், "சம்மணம் போட்டேன் சார்" என்றார் மாஸ்டர். பேராசிரியை முதல்வரானார். ஸ்கூலிலும் மாஸ்டரின் போக்கே மாறியது. பாடம் முடிந்தால் ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து யோசிப்பார். அவரிடம் கற்றவர்கள் இப்போது பயமில்லாமல் தனியாக ஓட்டினார்கள்.

பழைய காரையும் இனி ஸ்கூலுக்கே எடுத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. மாஸ்டர் அதை மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். மெக்கானிக் காருக்கடியில் படுத்து வேலை பார்க்க, இவர் ஸ்டூலில் உட்கார்ந்து பிரசங்கம் செய்தார்.

"பிரேக் காலுக்குக் கீழேயே இருக்குப்பா. மிதிச்சா கார் நின்னுடும். ஆனா மிதிக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு இருக்கு பாரு, அதுக்குப் பேர்தான் கல்வித் தத்துவம். நான் மட்டும் அன்னிக்கு மிதிச்சிருந்தா அவ இன்னிக்கு முதல்வர் இல்ல."

மெக்கானிக் வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து தூசி படிந்த கேபிள் ஒன்றை எடுத்தார்.

"அப்போ உங்க பக்கத்து பிரேக் கேபிளைத் திருப்பி மாட்டிடலாமா மாஸ்டர்? மூணாவது டெஸ்டுக்கு மறுநாளே டீச்சரம்மா கழட்டச் சொல்லி, மிதிச்சா வித்தியாசம் தெரியாம இருக்க ஸ்பிரிங் போடச் சொல்லிட்டாங்க; 'அவரா கண்டுபிடிக்கட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க'ன்னாங்க."