பொட்டு வைத்த டிரில்லிங் மிஷின்

1991 ஆயுத பூஜையன்று என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: ‘மாலை 4.10. மிஷின் தானாகச் சுற்றியது. மற்றவை பிறகு.’ பல் தேய்த்த நேரத்தைக்கூடக் குறித்துவைக்கிற ஆசாமி நான். அன்று விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன்.

தண்டலம் பக்கம் ஒரு சின்ன உதிரிபாகப் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் கோவிந்தம்மா வீட்டு மாடியில் வாடகை. மாவு மில் வைத்திருந்த அவர் கணவர் குடித்தே செத்துப்போனவர். அவர் படம் என் அறையில்தான் தொங்கியது. (எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிற படம்.) கோவிந்தம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்று: “பாட்டிலு உள்ள வந்தா உம் பொட்டி வெளிய போவும்.” தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் அந்த வீட்டைப் பார்த்துத்தான் சம்மதித்திருந்தார்கள்.

இந்த லட்சணத்தில், வீட்டிலேயே பீர் தயாரிக்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். அட்டையில் நுரை பொங்கும் கோப்பை. படித்ததையெல்லாம் செய்து பார்க்கிற வியாதி எனக்கு. பார்லியை முளைகட்டி மொட்டைமாடியில் காயவைத்தேன். “சிறுநீரகக் கல்லுக்கு” என்றதும் கோவிந்தம்மாவே காக்கா விரட்டினார். உடைக்க, கையால் சுற்றும் இரும்பு அரவை மிஷின் கிடைத்தது. அரைப் படிக்கே தோள் கழன்றது. கைப்பிடியைக் கழற்றிவிட்டு டிரில்லிங் மிஷினை மாட்டலாம் என்றது புத்தகம்.

பட்டறை டூல் ரூம் தாஸ் இரண்டை எடுத்துவைத்தார்.

“சின்னது விர்ருனு சுத்தும் சார். பார்லி பவுடராப் பூடும். கொஞ்சம் இறுக்குனா மிஷினும் பூடும்.”

“பெரிசு?”

“மெதுவாத்தான் சுத்தும், ஆனா வுடாது. எது மாட்னாலும் இழுத்துகினு போவும்.”

பார்லி மணி உடைந்தால் போதும், மாவாகக் கூடாது என்று படித்திருந்தேன். பெரிசை எடுத்தேன்.

“பிடியாண்ட ஒரு பட்டன் கீது. அமுக்கினா ஆன்லயே நிக்கும். கரண்ட் போனா மறக்காம ரிலீஸ் பண்ணு. பூஜை அன்னிக்கு மட்டும் ஓட்டாத சார். நான் சர்ச்சுக்குப் போறவன், நானே அன்னிக்கு ஸ்பேனரத் தொட மாட்டேன்.”

(பகுத்தறிவு எனக்கு அப்போது மீசையைவிட அடர்த்தி.)

பூஜையன்றே டிரில்லை அரவை மிஷினில் மாட்டினேன். பட்டனை அமுக்கி, இரண்டு கைப்பிடி பார்லி உடைவதற்குள் கரண்ட் போனது. படியில் காலடிச் சத்தம். பட்டனை மறந்து, புத்தகத்தைப் பார்லி மூட்டைக்குப் பின்னால் செருகினேன்.

“இன்னாப்பா, ஆயுத பூஜையும் அதுவுமா மிஷின ஓட்டிகினு கீற? எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு மில்லத் தொறக்கவே மாட்டாரு. கை வெக்காத, தட்டு எடுத்தாரேன்.”

தட்டோடு வந்து, டிரில்லின் தலையில் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தார். கணவர் படத்துக்குப் பூ. வெளியே மழை கட்டியிருந்ததில் அறை இருண்டு கிடந்தது. கற்பூரத்தின் வெளிச்சம் படத்தின் கண்ணாடியில் மட்டும் அசைந்தது. இருவரும் கண்ணை மூடினோம்.

முதலில் ஒரு முனகல். பிறகு கர்ர், கர்ர்.

கண்ணைத் திறந்தால், குங்குமப் பொட்டு சிவப்பு வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. பார்லி உடைந்து அடியில் வைத்த தட்டில் விழுந்துகொண்டிருந்தது, நிதானமாக, பழகிய கை அரைப்பதுபோல. மேஜை நடுங்கியது. மூட்டை சரிந்தது. புத்தகம் நழுவி, கோப்பைப் படம் மேலே தெரிய, கோவிந்தம்மா காலடியில் விழுந்தது.

கோப்பையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

“செத்து ஆறு வருசம் ஆச்சு. இன்னும் வாசன புடிச்சுகினு வரியாய்யா?” பிறகு என்னிடம், “காட்டிக் குடுக்கத்தான் வந்துகீறாரு” என்றார்.

பிளக்கைப் பிடுங்கினேன். பட்டனைப் பற்றி விளக்க வாயைத் திறந்தேன், “பொட்டியக் கட்டவாம்மா?” என்றுதான் வந்தது.

“என்னாண்ட கேக்காத. அவர கேளு.”

கற்பூரம் அணைவதற்குள் படத்தின் முன்னால் சத்தியம் செய்தேன். வீடு தப்பியது. தண்டனையாக, கல்யாணம் வரை தினமும் உடைத்த பார்லிக் கஞ்சி. “கல்லுக்கு நல்லதுன்னியே, குடி” என்று தம்ளர் காலியாகும்வரை எதிரிலேயே நிற்பார்.

மனைவி வந்த முதல் வாரமே கதை அவள் காதுக்குப் போய்விட்டது. இன்றும் எங்கள் வீட்டில் கரண்ட் வந்து மிக்ஸியோ ஃபேனோ திடீரென்று சுற்றினால் பிள்ளைகள் சொல்வது: “அப்பா, ஓனர் வந்துட்டாரு!”

அந்தப் பூஜைக்கு மறுநாளே தாஸிடம் பட்டன் விஷயத்தை விளக்கி, கோவிந்தம்மாவின் பேய் பயத்தைக் கிண்டல் செய்தேன். அடுத்த தெருக்காரரான அவர் சிரிக்கவில்லை. “நம்ம ஏரியாவுக்கே நாலரைக்குத்தானே சார் கரண்ட் வந்துச்சு?”

என் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியிருக்கலாம். ஃபேன் சுற்றியதா என்று நான் குறிக்கவில்லை. சுற்றவில்லை என்று கோவிந்தம்மா கடைசிவரை சொன்னார். மின்வாரிய அலுவலகத்தில் பழைய பதிவேடு கிடைக்கவில்லை. அன்று கரண்ட் வந்த நேரம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.